கியர் விழுகறதே தெரியல

இல்லீங்க சிஸ்டர், காலு நல்லாத்தானுங்க இருக்குது. வண்டிதான் சரியில்ல. கியர் போட்டாப் பாருங்க, டக்குனு ஒரு சத்தம், தேங்கா ஒடச்சாப்பல. அந்தக் கியர மிதிச்சு மிதிச்சு வந்ததுதான் இந்தப் புண்ணு. மருந்து வெச்சுக் கட்டி உட்டீங்கன்னா நாம்பாட்டுக்குப் போயிருவேன்.

பேருங்களா? அருணாசலமுங்க. மல மேல திருப்புலி நாடு. மொளகும் குச்சிக்கெழங்கும் போட்டிருக்கறேன். வயசு அம்பத்தொண்ணு, எழுதிக்கங்க.

கால நீட்டோணுங்களா? இந்தாங்க. ஒரே சகதி, மன்னிச்சுக்கங்க.

எப்ப இருந்துன்னா, சித்திரையில இருந்து இந்த வண்டியோட ரோதனைங்க. கியர் விழுந்துச்சா இல்லியான்னே தெரியாது. மிதிப்பேன். விழுந்திருக்காதுன்னு மறுக்கா ஓங்கி மிதிப்பேன். அது எங்கியோ தாண்டிப் போயி நிக்கும். எழுவது வளைவும் எனக்கு மனப்பாடம், கண்ணக் கட்டி உட்டாலும் மல ஏறிருவேன்னு ஊரெல்லாம் பீத்திட்டுத் திரிஞ்சவனுங்க நானு. ஒரு நாளு வளைவுல நூட்ரல்ல விழுந்து வண்டி பின்னால உருளுது. பின்னால வந்த பஸ் டிரைவர் தலைய வெளிய நீட்டி ஒரு வார்த்த சொன்னாரு பாருங்க. உங்ககிட்ட அதையெல்லாம் சொல்ல முடியாதுங்க.

மல அடிவாரத்துல, காரவள்ளியில யுவராஜ்னு ஒரு மெக்கானிக்கு. கிளச்சு கேபிள மாத்துனான், ஆயில மாத்துனான், செயின இறுக்குனான். அவன் ஓட்டிப் பாத்தா வெண்ணெயாட்ட விழுகுதுங்கறான். நான் ஏறி உக்காந்தா டக்கு. எம்மேலதான் ஏதோ கோவம்னு பூசணிக்கா கூட சுத்திப் போட்டேன். சிரிக்காதீங்க சிஸ்டர். வண்டிக்குத்தான் சுத்துனேன், எனக்கில்ல.

அதுக்கு மேல செருப்பு வேற. எடது காலு செருப்பு மட்டும் காணாமப் போகுதுங்க. ஊட்டுல போட்டுட்டுத்தான் கெளம்பறேன், போயி எறங்கிப் பாத்தா கால்ல இல்ல. எந்த வளைவுல கழண்டுச்சோ தெரியாது. இப்பிடியே மூணு ஜோடி. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறாளே, எம்பொண்டாட்டி ருக்குமணி, அவ மூணு வலது காலு செருப்பையும் வாசல்ல வரிசையா வெச்சு, எவ ஊட்டு வாசல்ல எடதக் கழட்டி உட்டுட்டு வாரேன்னு கேக்கறா. இந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறச்சலுங்க.

சரி, செருப்பு இருக்கறதாலதான் கியர் விழுகறது தெரியலன்னு வெறுங்கால்ல ஓட்ட ஆரம்பிச்சேன். என்ற மூள எப்பிடி! கியர் லிவர்ல இருந்த ரப்பர் எப்பவோ போயிருச்சு, வெறும் இரும்பு.

போன வெசாழக்கெழம பாக்கறேன், லிவர்ல பிசுபிசுன்னு ஈரம். கருஞ்செவப்பா இருக்குது. ஆயில் ஒழுகுதுடா, இத்தன நாளு நோவு இதுதான், யுவராஜ் கண்டுபுடிக்காதத நாங் கண்டுபுடிச்சுட்டேன்னு ஒரே சந்தோசம். நேரா அவங்கிட்டப் போயி, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கான்னேன். அவன் வெரல்ல தொட்டுத் தேச்சான், மோந்து பாத்தான். அண்ணா இது ஆயில் இல்லீங்க, ரத்தம், உங்க காலக் காட்டுங்கன்னான்.

வலிச்சுதான்னா கேக்கறீங்க? இல்லீங்க. வலிக்கல.

சுகருங்களா? மூணு வருசம் முன்ன ஊருக்குள்ள கேம்பு போட்டப்ப இருக்குதுன்னாங்க. ஒரு மாசம் மாத்திர தின்னேன். நல்லாத்தான இருக்கறோம்னு உட்டுட்டேன்.

இது என்னங்க, மீன் புடிக்கற தூண்டி நரம்பாட்ட இருக்குது? இதுல தொடுவீங்களா? தொடறப்பெல்லாம் ஆமாங்கோணும், அவ்வளவுதான? கண்ண மூடோணுங்களா? சரிங்க, மூடிட்டேன்.

எங்கய்யன் செங்கோடன்னு பேரு. அவருக்கும் இப்பிடித்தானுங்க. மொதல்ல ஒரு வெரல எடுத்தாங்க, அப்பறம் பாதம், அப்பறம் முட்டிக்குக் கீழ. ஒண்ணுக்குப் போறதுக்கும் நாந்தான் தூக்கிட்டுப் போவேன். அது மறக்குங்களா? போன பொங்கலப்பவே இந்தக் கட்டவெரல் மரத்துப் போச்சு சிஸ்டர். எனக்குத் தெரியும். பயமா இருந்துச்சு. வண்டின்னா பார்ட்ஸ் மாத்திக்கலாம் பாருங்க, அதான் வண்டி வண்டின்னே சொல்லிட்டு இருந்துட்டேன்.

ஏனுங்க, இன்னும் தொட ஆரம்பிக்கலீங்களா?

முடிஞ்சுருச்சா?

எத்தன எடமுங்க? எட்டா? நான் ஒருக்காகூட ஆமாங்கலியே.

சரிங்க. கண்ணத் தொறந்துக்கறேன். ருக்குமணியக் கூப்புடறீங்களா, கூப்புடுங்க. சுகரு, காலு, எல்லாம் அவகிட்ட மெதுவா நானே சொல்லிக்கறேன். அந்தச் செருப்பெல்லாம் எப்பிடிப் போச்சுன்னு மட்டும் நீங்க சொல்லிருங்க சிஸ்டர். நாஞ்சொன்னா நம்ப மாட்டா.