ஓட்வார் கேட்ட மருந்து

வாஃபிள் மாவில் ஏலக்காய் கொஞ்சம் கூடுதலாகவே போடுவேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மருத்துவமனை மருந்தகத்தில் வாஃபிள் சுடுவது என் பொறுப்பு. மருந்து வாங்கி வைப்பதும் என் பொறுப்புதான். இரண்டிலும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை, அதிகாரி அவர்களே.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான அந்த ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று முன்பே மோப்பம் பிடித்து, நிறைய வாங்கி வைத்தேன். மற்றவர்கள் கோட்டை விட்டார்கள். ஃபியோர்டின் கடல்நீருக்கு அக்கரையில் உள்ள மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கும் ஓட்வாரும் அப்படித்தான். அவருடைய மருத்துவமனையில் தூவா என்ற ஆறு வயதுச் சிறுமி அந்த மருந்துக்காகக் காத்திருந்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் எளிது. இல்லாதவர் போன் செய்வார். இருப்பவர் படகில் அனுப்பி வைப்பார். இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லைதான். அதற்குமேல் துருவிக் கேட்பது இங்கே மரியாதையல்ல. ஓட்வார் வாரந்தோறும் கேட்டார். நானும் வாரந்தோறும் இல்லை என்றேன். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். மருந்து இருந்த குளிர்பெட்டியில் சாய்ந்தபடி காபி குடித்தார்.

“ஒரே ஒரு பெட்டி கெடைச்சாக்கூடப் போதும், ராக்ன்ஹில்.”

“இருந்தா உனக்குக் குடுக்காம நான் என்ன பண்ணப்போறேன்?”

“தெரியும். மத்தவங்க இப்பல்லாம் போனையே எடுக்கிறதில்ல. நீ ஒருத்திதான் எடுக்கிற.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. தூவாவுக்கு என்று இரண்டு வாஃபிள்களில் ஜாம் தடவிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

அவரைப் பிடிக்காதா என்று கேட்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை, தங்கமான மனிதர். எங்கள் நோயாளிகளுக்காக வைத்திருந்தேனா என்றால், எங்களிடம் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவே கிடையாது. ஆனால் யாராவது வந்திருக்கலாம். வந்தவர்களிடம் நான் கையை விரிக்க நேர்ந்திருந்தால் எவ்வளவு அவமானம்.

மார்ச்சில் தூவா இறந்தாள். மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பெட்டிகள் காலாவதியாகி, எரிப்பதற்கு அனுப்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆம், மருந்து இருந்தது. தெரிந்தேதான் கொடுக்கவில்லை.

அதை எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நார்வே முழுக்கத் தட்டுப்பாடு நிலவிய அந்தக் குளிர்காலத்தில், எங்கள் மருந்தகத்தில் மட்டும் ஒரு மருந்துகூடத் தீர்ந்துபோகவில்லை.