பிடி என் பக்கம் இருந்தது

கடலுக்குப் பக்கத்தில் இரும்பைக் காப்பாற்றி வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை, இன்ஸ்பெக்டர். வாசலில் நிற்கிற உங்கள் ஜீப்பைப் பார்த்தாலே தெரிகிறது, கதவின் அடிப்பக்கம் உதிர ஆரம்பித்துவிட்டது. சீர்காழிக்குக் கிழக்கே வந்துவிட்டால் உப்புக்காற்று அப்படி. ஆனால் என் கைத்துப்பாக்கிகளில் ஒன்றுகூடத் துருப்பிடித்ததில்லை. எண்ணெய் போட்டுத் துடைப்பதை என்னிடம் வேலைக்கு இருந்த வேம்பு பார்த்துக்கொண்டான். ரைட்டரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

குஞ்சிதபாதம் என்று பெயர் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சீட்டு கிடையாது, குடி கிடையாது. பழைய துப்பாக்கி சேர்ப்பது ஒன்றுதான் பைத்தியம். தோட்டா போடுகிற சாதியில்லை இவை. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, தக்கை வைத்து இடித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்க வேண்டும். ஒரு ஜோடி தரங்கம்பாடியில் ஒரு பழைய வீட்டு ஏலத்தில் எடுத்தது. வெள்ளிப் பூண் போட்டது. பிள்ளைகள்கூட அதைத் தொடமாட்டார்கள்.

லைசென்ஸ் எங்கே என்றீர்கள். நியாயமான கேள்வி. ஆயுதச் சட்டத்தை நான் வரி வரியாகப் படித்தவன். பழமைக்காக வைத்திருக்கிற, பழுது பார்த்தாலும் சுடமுடியாத ஆயுதத்துக்கு லைசென்ஸ் வேண்டாம். சுடும் என்றால் வேண்டும். அதனால் எல்லாவற்றிலும் பற்றுவாயை, அதாவது நெருப்பு உள்ளே போகிற சிறு துளையை, ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்துவிட்டேன். ஈயத்தை உருக்கி எடுத்துவிடலாமே என்பீர்கள். எடுக்கலாம்தான். எடுக்காதவரை அது ஆயுதமில்லை என்பது என் அபிப்பிராயம். ஒருமுறை ஓர் அதிகாரி வந்து குழலில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனார்.

சட்டத்தைத் தாண்டி ஒரு அடி வைத்தவனில்லை நான். இந்த ஆட்சி வந்து நில உச்சவரம்பைக் குறைத்தபோது நாய் பேரிலும் பூனை பேரிலும் நிலத்தை எழுதி வைத்தவர்கள் இந்த ஜில்லாவில் உண்டு. நான் மனைவி பேரோடு நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பின்னால்தான் குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணையாள் எந்த மனையில் குடிசை போட்டிருக்கிறானோ அந்த மனை அவனுக்கே சொந்தம் என்றார்கள். வேம்பு என் பண்ணையாள். அவன் அப்பன் என் அப்பாவிடம் இருந்தவன். வாய்க்கால் தலைப்பில், என் மனைக்கட்டில், அவனுக்கும் அவன் பெண்சாதி பொன்னுத்தாய்க்கும் குடிசை. மாரியம்மன் திருவிழாவில் வேட்டுப் போடுகிறவனும் அவன்தான். மருந்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவான்.

மனை யாருக்கு என்று அதிகாரி ஊருக்கு வந்து நடத்துகிற விசாரணைக்கு முதல் நாள் அவனைக் கூப்பிட்டுப் பேசினேன். காலத்துக்கும் அங்கேயே இரு, உன்னை யார் எழுப்பப்போகிறார்கள், ஆனால் அதிகாரி கேட்டால் ஆண்டை விட்ட இடம் என்று மட்டும் சொல்லிவிடு என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். என் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

மறுநாள் ஊர் முழுக்கக் கூடியிருக்க, இது யாருடைய இடம் என்று அதிகாரி கேட்டார். வேம்பு என் பக்கம் திரும்பவே இல்லை.

"எம் மனைங்க. எங்க பாட்டன் மண்ணு கொட்டி மேடாக்குன எடம்."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் வரிசையாக அதையே சொன்னார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் நெல்லே போட்டிருக்கிறேன். அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது இளநீர் வெட்டி அனுப்பியிருக்கிறேன். கோபம் என்று எழுதாதீர்கள், எனக்குக் கோபமில்லை. மனசு நொந்துபோயிற்று. அதை ஒளிக்க எனக்கு வெட்கமில்லை.

அடுத்த நாள் காலையில் அவன் வேலைக்கு வந்துவிட்டான். மாட்டுக் கொட்டகையைக் கூட்டினான், வைக்கோல் உதறிப் போட்டான், நீராகாரம் வாங்கிக் குடித்தான். வராமல் இருந்திருந்தால் சங்கத்துக்காரன், எதிரி என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மனையும் அவனுக்கு, வேலையும் என்னிடம். அவனுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. எனக்குத்தான் அவனை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. அவன் கும்பிட்டால் நிஜமாகக் கும்பிடுகிறானா என்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த வயசில் அது எவ்வளவு பெரிய அவஸ்தை தெரியுமா உங்களுக்கு?

சம்பா கதிர் பால் பிடிக்கிற சமயம், கிளி இறங்கிற்று. தரங்கம்பாடித் துப்பாக்கியில் ஒன்றை எடுத்துக் கொடுத்து ஈயத்தை உருக்கி எடுக்கச் சொன்னேன். வேம்பு அதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"ஆண்டே, இதத் தொறந்தா சட்டத்துக்கு ஆவாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

கிளிக்குச் சட்டம் தெரியுமாடா என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். அவனோடு சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கரி நெருப்பில் காட்டி ஈயத்தைச் சொட்டச் சொட்ட எடுத்தான். சாயங்காலம் வாய்க்கால் கரைக்குப் போனோம். கொஞ்சம் தள்ளி பொன்னுத்தாய் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் சாட்சி சொல்லியிருப்பதாகச் சொன்னீர்கள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. வேம்பு மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இடித்தான். கிளிக்குச் சத்தம் போதும், குண்டு எதற்கு என்றான். நரி நடமாட்டம் இருக்கிறது, குண்டையும் போடு என்றேன். போட்டான்.

என் வீட்டில் ஒரு வழக்கம். அரிவாளோ கத்தியோ பெரியவர்கள் கையில் கொடுத்தால் பிடி அவர்கள் பக்கம் இருக்க வேண்டும், முனை கொடுக்கிறவன் பக்கம். சின்ன வயசிலேயே அவனுக்கு அது படிந்துவிட்டது. அன்றைக்கும் இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, பிடியை என்னிடம் நீட்டினான். குழல் அவன் நெஞ்சுக்கு நேராக இருந்தது. நான் பிடியை வாங்கிக்கொண்டு, சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கிற குதிரையைப் பின்னால் இழுத்தேன். சரிபார்க்கிறேன் என்று நினைத்திருப்பான்.

"பாத்துங்க ஆண்டே, மருந்து கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்றான்.

விசையை அழுத்தியது நான்தான். லைசென்ஸ் இல்லாமல் சுட்டதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், தலைவணங்கி ஏற்கிறேன். மனை இனிப் பொன்னுத்தாய் பேருக்குப் போகும் என்கிறார்கள். போகட்டும், அதில் ஒரு கூடை மண்ணுக்கும் நான் ஆசைப்பட்டதில்லை. ஆனால் கொலை என்று எழுதுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஈயத்தை எடுத்தது அவன். மருந்து இடித்தது அவன். குழலைத் தன் பக்கமாகப் பிடித்ததும் அவன். நான் அதைத் திருப்பவில்லை, அவ்வளவுதான்.

ஏன் திருப்பவில்லை என்றா கேட்கிறீர்கள்? அந்த மனை விசாரணைக்குப் பிறகு எத்தனையோ தடவை அவன் கும்பிடுவதைப் பார்த்துவிட்டேன், ஒரு தடவையும் எனக்குத் திருப்தியாக இல்லை. அன்றைக்குக் குனிந்து நீட்டினானே, அதில் துளி நடிப்பில்லை. அந்த ஒரு நிமிஷம் அவன் மறுபடியும் என் வேம்பாக இருந்தான். நிமிர்ந்துவிட்டால் போய்விடும். இப்படியே இருக்கட்டும் என்றுதான் சுட்டேன்.