பேசும் டேப்லெட்டும் பூசணி சூப்பும்

— வவவேண்ண்டடாம்ம் மாமாப்ப்ளே.

— டேப்லெட்டுக்கே நாக்கு குழறுதே மச்சான்! நீ என்ன தட்டுற, அது என்ன பேசுது! சரி, வேண்டாம்னு சொல்ற, அது புரியுது. எது வேண்டாம்? நான் கொண்டாந்த பீரா, சனிக்கிழமை மேடையா?

— மமேமேட்ட்

— ஏங்க, என்னங்க? மேலுக்கு குளிருதா? இருங்க கண்ணு, கம்பளி எடுத்தாந்து போத்துறேன்.

— அக்கா, அவரு மேடைன்னு சொல்ல வர்றாரு.

— நீ சும்மா இருடா டெஸ். கட்டின புருசனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? பாரு, தலையாட்டுறாரு. அடுப்புல பூசணி சூப்பு கொதிக்குது, அதையும் பாத்துட்டு வந்திடறேங்க. அசையாதீங்க.

— போயிட்டா. மச்சான், நெஞ்சுல கை வச்சு சொல்லு. குளிருதா உனக்கு?

— இஇல்ல்ல.

— வெளிய ஈயெல்லாம் வெயில் தாங்காம நிழலுக்கு ஓடுது. அப்புறம் எதுக்குய்யா தலையாட்டின?

— சுசுலபபம்.

— அடப்பாவி! வாரிங்கா ஊருல உன் வாய்க்குத் தப்பினவன் ஒருத்தன் உண்டா? வருசா வருசம் ஃபுட்பால் கிளப்பு பரிசளிப்புல மைக்க புடிச்சா, தலைவர்லேருந்து தண்ணி தூக்குறவன் வரைக்கும் நிக்க வச்சு வறுத்தெடுப்பே. தொண்டையில புத்து வந்து குரல்வளைய எடுத்தாங்க, ஒத்துக்கிறேன். அறிவையுமா எடுத்தாங்க? சுலபமாம், கம்பளிய போத்திக்கிறாராம்!

— தததட்ட்ட முமுடியல.

— தெரியுது, அதுக்குத்தானே வந்தேன். கமிட்டில என்ன பேசுறாங்கன்னு கேளு. சனிக்கிழமை பரிசளிப்புல மைக்க மருந்துக்கடைக்காரன்கிட்ட குடுக்கப் போறாங்க. நல்ல மனுசன், குத்தம் சொல்லல. ஆனா அவன் பேசினா மேய்ச்சல் ஆடு நின்ன நெலையில தூங்கிடும். உனக்கு ஒரு கேடயமாம். எல்லாரும் எழுந்து நின்னு கண்ணத் தொடச்சுகிட்டே கைதட்டணுமாம்.

— ககல்லல்றை.

— அதேதான், கல்லறையில நடுற பலகை மாதிரி! எனக்கும் கேக்கவே பத்திகிட்டு வந்துச்சு. இங்க குடு அத.

— பபஸ்ஸர் இஇருக்க்கு.

— தொண்டையில அழுத்திப் பேசுற அந்தக் கருவியா? உன் கை நடுங்குற நடுக்கத்துக்கு அது தொண்டையில எங்க நிக்குது, காதுக்குப் போயிடுது. சத்தத்துக்கு நாயி கட்டிலடியில பூந்துக்குது. எழுதிக் காட்டினா கோழி கிளறின தோட்டம் மாதிரி இருக்கு. அதெல்லாம் ஓரமா வை. இதோ பாரு, செட்டிங்ஸ். அதுக்குள்ள அணுகல்தன்மைன்னு ஒண்ணு இருக்கு. பேரப் பாத்து பயந்துடாத. கைகாலு சொன்ன பேச்சு கேக்காதவனுக்குன்னு எவனோ ஒரு புண்ணியவான் உக்காந்து யோசிச்சு வச்சிருக்கான்.

— உஉனக்க்கு எப்ப்படி

— எனக்கு எப்படித் தெரியும்ங்கிறியா? என் விரலப் பாரு. காலமெல்லாம் ஆட்டு ரோமம் கத்தரிச்ச விரலு, ஒண்ணொண்ணும் சாசேஜ் கணக்கா. ஒரு எழுத்தத் தொட்டா பக்கத்து வீட்டுக்காரனும் சேந்து விழுவான். பேத்திக்கு பொறந்தநாள் வாழ்த்து அனுப்பப் போயி, ஆட்டு மருந்து விக்கிறவனுக்கு முத்தம் அனுப்பிட்டேன்.

— ஹஹஹஹஹா.

— இது மட்டும் சரியா வருது பாரு! சிரிக்காத. அவன் வேற திரும்ப ஒரு முத்தம் அனுப்பினான். அதுக்கப்புறம்தான் மொத்தத்தையும் நோண்டினேன். இப்ப கவனி. மொத வேலை: எழுத்து மேல விரலு கொஞ்சம் நின்னாத்தான் அது விழும். நடுங்கி உரசிட்டுப் போனா கண்டுக்காது. எவ்வளவு நேரம் நிக்கணும்னு நாமளே வச்சுக்கலாம். ரெண்டாவது: ஒரே எழுத்த படபடன்னு தட்டினா, ஒண்ண எடுத்துகிட்டு மிச்சத்த தள்ளிடும். அப்புறம் இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. தப்பான எழுத்துல விரல வச்சுட்டியா, பதறாத. எடுக்காம அப்படியே இழுத்துகிட்டு சரியான எழுத்துக்குப் போ. விரல எங்க எடுக்கிறியோ அதுதான் கணக்கு. என்னா மூளைடா அவனுக்கு! நடுங்குற கைய திட்டாம, அதுக்குத் தோதா திரைய மாத்தி வச்சிருக்கான் பாரு. ம், தட்டு.

— வணக்கம்.

— ஐயோ! இன்னொரு தடவ!

— வணக்கம் மாப்ளே.

— ஒத்த எழுத்து கூடுதலா இல்ல! மச்சான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுய்யா.

— குரல் யாரு.

— எந்தக் குரலு?

— இது. அரண்மனை வாசல் காக்கிறவன் மாதிரி பேசுறான்.

— அட ஆமா, லண்டன்காரன்! அதனாலதான் உன் வீட்டு நாய் கூட மதிக்கல. இரு, நம்ம ஊரு ஆளு ஒருத்தன் இருக்கான்... இவன். இப்ப பேசு.

— மூக்கால பேசுறான். வார்த்தைய இழுக்கிறான். உன் குரல் மாதிரியே இருக்கு.

— ஆரம்பிச்சுட்டான்யா! ஆனா மச்சான், ஒரு குறை சொல்லவா? நல்லாத்தான் சொல்ற, லேட்டா சொல்ற. நீ தட்டி முடிக்கிறதுக்குள்ள நான் பாதி பாட்டில காலி பண்ணிட்டேன். ஹால்ல ஒருத்தன் பின்னாலேருந்து கத்தினான்னு வையி, உன் பதிலு வர்றதுக்குள்ள அவன் வீட்டுக்குப் போயி பூட்ஸ கழட்டியிருப்பான்.

— வழி.

— வழியா? இருக்கே. படுக்க வாட்டமா திருப்பு. எழுத்தெல்லாம் பெருசாச்சா? மேல பாரு, நீ பாதி தட்டும்போதே முழு வார்த்தையும் எட்டிப் பாக்குது. அதத் தொட்டா போதும். இன்னொண்ணு இருக்கு, அதுதான் உன் ஆயுதம். ஒரு முழு வாக்கியத்த இங்க எழுதி வச்சுட்டு, அதுக்கு ரெண்டெழுத்துல பட்டப்பேரு வச்சுடு. ரெண்டெழுத்த தட்டினா மொத்தமும் வந்து நிக்கும்.

— மொத்தமும்?

— மொத்தமும். மூச்சு விடாம பேசும்.

— பீர் குடி. பேசாம உக்காரு.

— எதுக்கு?

— குடின்னா குடி.

...

— மச்சான், பாட்டில் ஈரம் கூட காஞ்சு போச்சு. என்னதான் எழுதுற? ஊரு சரித்திரமா?

— முடிஞ்சுது. கத்து.

— என்னன்னு கத்த?

— பின் மேசையிலேருந்து எப்பவும் கத்துவியே. அத.

— சரி, சனிக்கிழமைன்னு நெனச்சுக்கோ. டேய் க்ளைவ்! போன வருச ஜோக்க இந்த வருசமும் சொல்றியே, வெக்கமா இல்ல?

— போன வருச சட்டைய இந்த வருசமும் போட்டு வந்திருக்கியே டெஸ், துவைச்சியா?

— அம்மாடி! கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள! இன்னொண்ணு. டேய் க்ளைவ், நீ விளையாடின காலத்துல ஒரு கோலு போட்டியா?

— நீ கோலு காத்த காலத்துல நான் போட வேண்டிய அவசியமே வரல மாப்ளே, அதுவா உள்ள போயிடும்.

— எப்படிய்யா? நான் இதத்தான் கத்துவேன்னு எப்படித் தெரியும்?

— இந்த ஊருல எவன் புதுசா கத்தியிருக்கான்? எங்கப்பன் காலத்துலேருந்து அதே அஞ்சாறு கத்தல்தான். ஆள் மட்டும் மாறுது. எல்லாத்துக்கும் பதில் போட்டு வச்சாச்சு.

— நீ மனுசனே இல்லய்யா! நான் ஏதோ பொத்தானக் காட்டினேன், நீ பீரங்கியே செஞ்சு வச்சிருக்க. எனக்கு அழுகையா வருதா சிரிப்பா வருதான்னே தெரியல. முடிஞ்சுது, மைக் உனக்குத்தான். இப்பவே போயி கமிட்டில சொல்றேன்.

— வேண்டாம்.

— மறுபடியும் வேண்டாமா! இப்ப என்னய்யா குறை?

— எப்படி நிறுத்துறது.

— எத?

— பேச்ச. இத்தன வருசமா எப்படி நிறுத்தினேன், சொல்லு.

— நீ எங்க நிறுத்தின? அக்காதான் பின் மேசையிலேருந்து எழுந்து நின்னு, யோவ் க்ளைவ், வாய மூடுய்யான்னு கத்தும். ஹாலு மொத்தமும் சேந்து ஒரு தடவ கத்தும். அப்புறம்தானே ஆட்டுக்கறியே வெளிய வரும். அது இல்லாம எந்த வருசம் சாப்பிட்டோம்?

— இந்த வருசம் கத்துவாளா.

— ஏன்யா கத்தாது?

— கட்டின நாள்லேருந்து அவளுக்கு நான் யோவ். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கு ஏங்க ஆயிட்டேன். இப்ப கண்ணு.

— பயம்யா அவளுக்கு. பாசம்தானே.

— தெரியும். ஊருல எவனும் திட்ட மாட்டேங்கிறான். பால்காரன் கூட சார்ங்கிறான்.

— அதுவும் வாஸ்தவம்தான். இந்த ஊருல ஒருத்தனுக்கு மரியாதை குடுக்கிறோம்னா, ஒண்ணு அவன் நேத்து வந்தவன், இல்ல நாளைக்குப் போறவன்.

— நான் மேடையில பேசுவேன். அவ கைகட்டி உக்காந்து அழுவா. நிறுத்த ஆளிருக்காது. எல்லாரும் அழுவாங்க. அதுக்கு மருந்துக்கடைக்காரனே பேசட்டும்.

— மச்சான்...

— விடு மாப்ளே. செட்டிங்ஸ்ல இதுக்கு ஒண்ணும் இல்ல.

— ஏங்க, இந்தாங்க கம்பளி. டெஸ், அந்தப் பக்கம் நல்லா சுத்திவிடு. இந்தாங்க, சூப்பு. ஊதித் தரட்டுமா? டெஸ், நீயும் ஒரு கிண்ணம் குடிக்கிறியா? இவருக்கு உசுரு இதுல. தெனமும் இதுதான்.

— தெனமுமா அக்கா? அவரா கேட்டாரு?

— பின்ன? ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கு, என்ன சமைக்கட்டும்னு கேட்டேன். பாவம், அரை மணி நேரம் போராடி பூசணின்னு தட்டினாரு. உடனே ஓடினேன் கடைக்கு. அன்னிலேருந்து ஒரு நாள் விட்டதில்ல. இன்னும் கொஞ்சம் மிளகு போடட்டுங்களா, கண்ணு? போடணும்தானே? சரி, போட்டுடறே...

— லோர்னா. உக்காரு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என் பேச்ச நீ முடிக்காத.

— ஐயோ டெஸ்! என்னடா இது! தெளிவா பேசுதே!

— உக்காரு அக்கா. ரொம்ப நாளா பாக்கி இருக்கு போல.

— அன்னிக்கு நான் தட்டினது ரெண்டு வார்த்தை. முதல் வார்த்தை பூசணி. ரெண்டாவது தட்டுறதுக்குள்ள நீ கார எடுத்துட்டுப் போயிட்டே.

— ரெண்டாவது என்னங்க?

— வேண்டாம்.

— சொல்லுங்க, பரவாயில்ல.

— சொல்லிட்டேன். பூசணி வேண்டாம். அதான் ரெண்டாவது வார்த்தை.

— டெஸ், சிரிக்கிறியா நீ? ஏங்க, இத்தன நாளா நல்லாத்தானே குடிச்சீங்க!

— ஆட்டுக்கு உண்ணி போக மருந்துத் தொட்டியில முக்கி எடுப்பாங்களே. அந்தத் தண்ணியக் காய்ச்சினா இப்படித்தான் இருக்கும். அது கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்கும்.

— ஏங்க!

— நாய்க்கு ஊத்திப் பாத்தேன். மோந்துட்டு என்னையப் பாத்துச்சு. அனுதாபமா.

— என்னங்க இப்படிப் பேசுறீங்க? உங்களுக்காக எவ்வளவு...

— சன்னல் கீழ உன் ஜெரேனியம் செடி.

— அதுக்கென்ன? அது பனியில பட்டுப்போச்சு.

— பனி பெய்யல லோர்னா.

— ஐயய்யோ! என் ஜெரேனியத்துல ஊத்தினியா? எங்கம்மா தந்த செடிய்யா அது!

— தெரியும். உங்கம்மாவும் இதே சூப்புதான் வைப்பா. கல்யாணத்தன்னிக்கே பயந்தேன். அப்புறம் உன் சித்தி வைக்கிற பீட்ரூட்டு...

— அக்கா, ஏன் எழுந்து நிக்கிற? அக்கா, கரண்டிய கீழ வை!

— அதுக்கப்புறம் உன் அத்தை செஞ்ச புட்டிங். அத வச்சு வேலிக்கம்பு நட்டேன். இன்னும் ஆடல. அதுக்கும் முந்தி...

— யோவ் க்ளைவ்! வாய மூடுய்யா!

— மாப்ளே. சனிக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?