ரெண்டு பேர் பார்த்த படம்

அண்ணன்: அந்த ஜன்னல் துணியை இன்னும் இழுத்துவிடு. வெளிச்சம் திரையில அடிக்குது.

தங்கச்சி: இழுத்தாச்சுண்ணே. நீ முதல்ல உட்காரு. புரொஜெக்டரைச் சுத்திச் சுத்தி வந்தா அது நல்லா ஓடிடுமா?

அண்ணன்: எங்க உட்கார்றது... முன் வரிசையில நமக்குப் படம் போட ஹாலை விட்டிருக்கிற சங்கத் தலைவர் இருக்காரு, கவனிச்சியா?

தங்கச்சி: நாற்காலி போட்டதே நான்தானே.

அண்ணன்: போன படத்துல ஹீரோ குடிக்கிறான்னு அந்தக் குதி குதிச்சாரு. இன்னொரு தடவை ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா ஹாலை சிமெண்ட் குடோனுக்கு விட்டுடுவேன்னு...

தங்கச்சி: அதுக்குத்தானே ரெண்டு பேர் முன்னாடியே பார்த்துட்டுத்தான் போடணும்னு வச்சோம்.

அண்ணன்: ம்.

தங்கச்சி: என்ன ம்?

அண்ணன்: ஒண்ணுமில்ல... படத்துல இந்தப் பொண்ணு யார் வீட்டுல இருக்கு? அப்பன் வீடு இது இல்லயே?

தங்கச்சி: ஸ்பீக்கர் வயரோட நீ மல்லுக்கட்டினியே, அப்பவே ஓடிப்போயிட்டா. காதலிச்சவனோட. அப்பனுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீ பார்த்த படம்தானே, என்னைக் கேட்கிற?

அண்ணன்: பார்த்தேன்... பேர் போடுற வரைக்கும் பார்த்தேன். பகலெல்லாம் ஏணி மேல நின்னு வயரிங் பண்ணிட்டு வந்தவனுக்குக் கண்ணு சொருகாம என்ன செய்யும்? எப்படியும் நீ பார்த்திருப்பேன்னு நல்ல படம்னு சொல்லிட்டேன்.

தங்கச்சி: நல்லாருக்கு. நீ பார்த்திருப்பேன்னு நான் விட்டுட்டேன்.

அண்ணன்: போச்சு. ரெண்டு பேருமே பார்க்கலயா? தலைவரோட பொண்ணும் இப்படித்தானே சொல்லாம கொள்ளாமப் போனா. அவ பேரை எடுத்தாலே எழுந்து போயிடுற மனுஷன். அவரைக் கூப்பிட்டு முன்னாடி உட்கார வச்சு இதைக் காட்டுறோம்...

தங்கச்சி: மெதுவாப் பேசு.

அண்ணன்: வேணும்னே பண்ணோம்னுதான் நினைப்பாரு. தள்ளு, ஃபியூஸைப் பிடுங்கிடறேன். கரண்ட் போச்சுன்னு சொல்லிக்கலாம்.

தங்கச்சி: கையை எடுண்ணே.

அண்ணன்: விளையாடாதே. இந்த ஹால் போச்சுன்னா நமக்கு வேற இடம் ஏது?

தங்கச்சி: எனக்கு மட்டும் கவலை இல்லயா? அந்தத் திரையைத் தைச்சது நான். கையை எடு.

அண்ணன்: ...எழுந்துட்டாரு.

தங்கச்சி: தெரியுது.

அண்ணன்: இங்கதான் வர்றாரு. நீ வாயைத் திறக்காதே.

தலைவர்: யாருப்பா இந்தப் படத்தைப் பொறுக்கினது?

அண்ணன்: நான்தாங்க. இவளுக்கு ஒண்ணும் தெரியாது.

தலைவர்: அந்த அப்பன் சட்டையை மாட்டுறான், கழட்டுறான். மறுபடி மாட்டுறான்... அவன் பொண்ணு வீட்டுக்குப் போவானா, மாட்டானா?

அண்ணன்: அது வந்துங்க...

தலைவர்: பார்த்துட்டுத்தானே போட்டீங்க?

தங்கச்சி: கொஞ்ச நேரம் உட்காருங்கய்யா. தெரிஞ்சிடும்.

தலைவர்: உட்கார முடியலம்மா. அதான் எழுந்து வந்தேன்.

தங்கச்சி: ...போவாருய்யா.

தலைவர்: போவானா? போனா... அவ என்ன சொல்லுவா?

தங்கச்சி: சாப்பிட்டீங்களாப்பான்னு கேட்பா.

தலைவர்: அவ்வளவுதானா?

தங்கச்சி: அவ்வளவுதான்யா.

தலைவர்: என் வீட்டுக்காரி உள்ள இருக்கா. கேட்டா... பொண்ணு வீடு வரைக்கும் போயிருக்கேன்னு சொல்லிடும்மா.

அண்ணன்: ...போயிட்டாரா?

தங்கச்சி: தெரு திரும்பிட்டாரு.

அண்ணன்: அப்பாடா. வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டாலும் நல்லாத்தான் விட்டே. படமும் அப்படியே முடிஞ்சுதுன்னா தப்பிச்சோம்.

தங்கச்சி: முடியாதுண்ணே. இந்தப் படத்தைப் போடச் சொன்னதே அவரு பொண்ணுதான். அவ வீட்டுல உட்கார்ந்து நானும் அவளும் முழுசாப் பார்த்தோம். இதுல அந்த அப்பன் கடைசி வரைக்கும் போகவே மாட்டான்.