மயில் லேபிள் கிடைத்த கதை

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைபவள்.

“மயிலு சாகலக்கா, உசுரோடதான் இருக்கு,” என்றாள்.

“எந்த மயிலுடி?”

“நான் வரைஞ்ச லேபிளு. கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாயிருச்சுன்னு, விண்டோஸுக்குப் பதிலா புது டிஸ்க்குல லினக்ஸ் போட்டேன்ல? பெறகு மயிலு இருந்த பழைய டிஸ்க்கு திறக்கவே இல்ல. ஆர்டர் கொடுத்தவுக அதே மயிலுதான் வேணும்னுட்டாக.”

“முதலாளி வஞ்சாரா?”

“வையல. என் பக்கத்துல சேரப் போட்டு உக்காந்துட்டாரு. அதுதான்க்கா பயமா இருந்துச்சு.”

அக்கா சிரித்தாள். “பெறகு?”

“பழைய டிஸ்க்கக் கழட்டுறப்ப விண்டோஸ முழுசா ஆஃப் பண்ணாம விட்டிருக்கேன். அதான் மக்கர் பண்ணிருக்கு. எதையும் மாத்தாம, பார்க்க மட்டும் செய்யிற மாதிரி திறந்தேன். அம்புட்டும் அங்கனயே இருந்துச்சு. நான் வரையிற பழைய விண்டோஸ் புரோகிராம் லினக்ஸ்ல ஓடுறதுக்கு ‘வைன்’னு ஒண்ணு போட்டேன். மயிலு தோகையோட வந்து நின்னுச்சுக்கா! முதலாளி எந்திரிச்சுப் போயி, அவரே எனக்கு டீ வாங்கிட்டு வந்தாரு.”

அக்கா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“எங்க வீட்லயும் ஒரு பழைய டிஸ்க்கு கெடக்குடி. எங்க கல்யாண வீடியோ அதுலதான் இருக்கு. திறந்து தாரியா?”

“தாரேன். இப்ப எதுக்குக்கா திடீர்னு?”

“எங்க வீட்டுக்காரு அப்ப ஒல்லியா இருந்தாகன்னு சொன்னா, பிள்ளைக நம்ப மாட்டேங்குதுக.”