உப்புத் தொட்டி என் சக்களத்தி

உப்புத் தொட்டியை உடைத்து விற்கலாமா என்று வாக்கெடுக்க வந்திருக்கும் தலைவர் அவர்களே, தலைவருக்கு வைத்த தண்ணீரையும் குடித்துவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் கண்மூடிச் சிந்திக்கும் பெரியவர்களே, நம் கூட்டுறவு மின் நிலையத்தின் பங்குதாரர்களே, என்னைப் பெறாத தாய்மார்களே! வணக்கம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பதினோரு வருஷம் அந்தத் தொட்டியைக் காத்தவரின் மனைவி. அவர் போய் மூன்று மாதம். தப்பிருந்தால் பொறுங்கள், இல்லாவிட்டால் கைதட்டுங்கள்.

தினமும் பொழுது சாய்ந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். "அவ ஆறிடுவா, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்." எவள் ஆறுவாள்? ஒருநாள் துடைப்பத்தோடு பின்னாலேயே போனேன். மனுஷன் தொட்டியில் கன்னத்தை வைத்து நிற்கிறார்!

"யாருய்யா அவ?"

"இவதான்டி."

"நாலு மாடி உசரம்! இவளுக்குத் துணி எடுத்தே நீ ஓட்டாண்டி ஆயிருவியே!"

சிரியுங்கள். அப்புறம்தான் அவர் சொன்னார்: கண்ணாடிகள் வெயிலைக் குவிக்கும், வெயிலில் உப்பு உருகும், உருகிய உப்பு தொட்டியில் சூட்டைக் காக்கும், இருட்டியதும் அந்தச் சூட்டில் நீராவி, நீராவியில் மின்சாரம்.

தொட்டி தண்டச்சோறு என்கிறார் தலைவர். உச்சிவெயிலில் மின்சாரத்துக்குப் பஞ்சமா? கூரைக்குக் கூரை சூரியத் தகடு! கேட்பாரில்லை, அடிமாட்டு விலை. இருட்டினால்? ஊரே சுவிட்சைப் போடுகிறது, விலை ஏறுகிறது. அப்போது விற்க எவனிடம் வெயில் இருக்கிறது? என் சக்களத்தியிடம் இருக்கிறது! இப்போது மணி ஏழரை. தலைவர் அவர்களே, உங்கள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி யார் சோற்றைத் தின்கிறது?

யாரய்யா விசிலடிப்பது? இருங்கள், முடிக்கவில்லை.

அவர் போன அன்று காலையில் கண்ணாடிகளைத் துடைத்து வெயிலுக்குத் திருப்பிவிட்டு வந்து படுத்தார். மதியம் மூச்சு நின்றது. இருட்டியதும் தலைமாட்டில் மின்விளக்கு எரிந்தது. எந்தச் சூட்டில்? காலையில் அவர் சேர்த்த சூட்டில்! ஆள் ஆறிவிட்டார் அய்யா, அவர் வைத்த சூடு ஆறவில்லை.

சக்களத்தியைக் காப்பாற்றுங்கள் என்று மேடையேறிய பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்திதான். தொட்டி இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். செயலாளர் அவர்களே, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குங்கள். பெரியவரை எழுப்புங்கள்... தலைவரே, நீங்களுமா!

நன்றி. எல்லோருக்கும் வணக்கம். போகிற வழியில் அவளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன். ஆறிவிடப் போகிறாள்.