பேட்டரி விளக்கு எரிகிறது

— கட்டு அவிழ்த்தாச்சுப்பா. கண்ணைத் திறங்க.

— திறந்துதான் இருக்கேன் அடைக்கலம். ஒண்ணும் தெரியலையே. ஜன்னலை ஏன்டா சாத்தி வெச்சிருக்கே? புழுங்குது.

— காத்து பட்டா ஆப்பரேஷன் பண்ண கண்ணுக்கு ஆகாதுன்னு ஸ்ரீரங்கத்து டாக்டர் சொன்னாருல்ல. கரண்டு வேற போச்சு. பாலக்கரை முழுக்க இருட்டு.

— அப்ப என் பேட்டரி விளக்கைப் போடு. பகலெல்லாம் நல்ல வெயில். மாடியில இருக்கிற சோலார் தகட்டுலேருந்து ஃபுல்லா சார்ஜ் ஏறியிருக்கும்.

— போட்டாச்சு மாமா. உங்க மூஞ்சிக்கு நேரா எரியுது.

— எரியுதா லூர்துராணி?

— மாதா சத்தியமா. எனக்கே கண்ணு கூசுது.

— எண்பத்திரண்டுல, காலேஜ் லேப்ல கழிச்சுப் போட்ட தகட்டை மாடிக்கு ஏத்தினப்ப, பிஸிக்ஸ் வாத்தியாருக்கு மறை கழண்டுடுச்சுன்னு தெருவே சிரிச்சுது. கரண்டு போனா நம்ம வீடு மட்டும் மலைக்கோட்டை மாதிரி ஜொலிக்கும். ஒரு நாளும் அது என்னைக் கைவிட்டதில்ல. அப்ப... போனது என் கண்ணுதான்.

— இடது கண்ணு முன்னாடியே போச்சு. இனிமே யாருப்பா மாடி ஏறித் தகட்டைத் துடைக்கிறது, பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறது?

— நீ இருக்கியேடா.

— எனக்கு எங்க நேரம்? மணப்பாறை ரோட்டுல கண்ணு தெரியாதவங்களுக்கு சிஸ்டருங்க ஹோம் நடத்துறாங்க. ஞாயித்துக்கிழமை பூசையும் உண்டு.

— கஞ்சிகூட நல்லா இருக்குமாம் மாமா.

— வீடு?

— அவர் பேருக்கு எழுதிட்டா உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. பத்திரம் ரெடி. கையெழுத்துதான் பாக்கி.

— கட்டு அவிழ்க்கிறதுக்கு முன்னாடியே ரெடி பண்ணிட்டீங்களா?

— டாக்டர் சந்தேகமாத்தான் சொன்னாருப்பா...

— சரி. கையைப் பிடிச்சு இடத்தைக் காட்டு... டேய், இது தலகாணிடா.

— இருங்கப்பா... இதோ... இங்க...

— என்ன உருண்டுச்சு?

— சொம்பு மாமா. அவர் கை தட்டிடுச்சு.

— இவ்வளவு வெளிச்சத்துலயா?

— உங்களை நினைச்சு அழுவுறார். கண்ணீர் மறைக்குது.

— அழாதடா. பேனாவைக் கொடு... ம்... ஆச்சு. கோணலாப் போச்சா, பாரு.

— இல்லப்பா. பாக்கியநாதன்னு முத்து முத்தா விழுந்திருக்கு.

— நீயும் பாரும்மா. கோட்டு மேலதானே இருக்கு?

— அளந்து போட்ட மாதிரி இருக்கு மாமா.

— நான் இன்னும் பேனா மூடியையே கழட்டல.